எளிதாய்க் கிட்டிய வெற்றி



கோடை பிறந்துவிட்டால் நம் செட்டிநாட்டுச் சீமையில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று, நீர் வற்றிய கண்மாய்களில் சிறுவர்கள் மூன்று குச்சிகளை ஊன்றிப் பந்தாடும் காட்சி. மற்றொன்று, விளக்கு வைத்த பின் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பாட்டனும் தந்தையும் பேரனும் ஒன்றாய் அமர்ந்து கிரிக்கெட் பார்க்கும் காட்சி. காரைக்குடியில் செக்காலையில் நடந்தாலும் சரி, கழனிவாசலில் நடந்தாலும் சரி, சென்னை அணி ஆடும் இரவில் ஆட்டத்தின் போக்கை எவரையும் கேட்டறியத் தேவையில்லை. வீடுகளிலிருந்து எழும் ஆரவாரமே அதைச் சொல்லிவிடும்.

இத்திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது இந்தக் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிய ஒரு செய்திதான். விளையாட்டுதானே என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. தோற்றவனைத் தேற்றும் சொற்கள் நம் மொழியில் ஏராளம். தேர்வில் தவறிய பிள்ளைக்கும், வணிகத்தில் நொடித்தவருக்கும் ஆறுதல் கூற அண்டை வீட்டார் முதல் ஆசிரியர் வரை எத்தனையோ பேர் முன்வருவர். ஆனால் வெற்றி பெற்றவனிடம், அதிலும் வியர்வை சிந்தாமல் வெற்றி பெற்றவனிடம், இதை இப்படி ஏற்றுக்கொள் என்று சொல்லித்தருவோர் மிக அரியர். வெற்றிக்கு ஆசான் தேவையில்லை என்று நாம் எண்ணிவிட்டோம் போலும்!

எழுபது ஓட்டங்கள்

2019ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இரவு, சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில் அவ்வாண்டின் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகள் தொடங்கின. முதல் ஆட்டமே சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் பெங்களூர் ராயல் சேலஞ்சர்ஸ் அணிக்கும். பெங்களூர் அணியில் விராட் கோலி, டி வில்லியர்ஸ் என்னும் இரு பெரும் ஆட்டக்காரர்கள் இருந்தனர். பெரும் விருந்து காத்திருக்கிறது என்று நாடே எதிர்பார்த்தது.

நடந்ததோ வேறு. பூவா தலையாவில் வென்ற தோனி எதிரணியை முதலில் ஆடச் சொன்னார். முதுபெரும் சுழற்பந்து வீச்சாளர் ஹர்பஜன் சிங் கோலியையும், மொயீன் அலியையும், டி வில்லியர்சையும் அடுத்தடுத்து வெளியேற்றினார். தொடர்ந்து இம்ரான் தாகிர் நான்கு ஓவர்களில் 9 ஓட்டங்களே கொடுத்து மூவரை வீழ்த்தினார். ஜடேஜா இருவரை வீழ்த்தினார். 17.1 ஓவர்களில் பெங்களூர் அணி 70 ஓட்டங்களுக்குச் சுருண்டது. பார்த்திவ் படேல் எடுத்த 29 ஓட்டங்களைத் தவிர, மற்ற பதின்மரில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. சென்னை அணி அவசரமின்றி ஆடி, 17.4 ஓவர்களில் மூன்று விக்கெட்டுகளை மட்டும் இழந்து இலக்கை எட்டியது. ஹர்பஜனுக்கு அப்போது வயது 38. தாகிருக்கு நாற்பது நிறைய நான்கு நாட்களே இருந்தன. வயதானவர்களின் அணி என்று கேலி பேசிய வாய்கள் அன்றிரவு அடைத்துப்போயின.

சேப்பாக்கத்தில் சீழ்க்கை ஒலி வானைப் பிளந்தது. நம் ஊர்த் தெருக்களில் வெடி வெடித்தது. பெங்களூரில் பணிபுரியும் உறவினர்களுக்குக் கேலிச் செய்திகள் கைப்பேசியில் பறந்தன. மச்சினன் மைத்துனர்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேறென்ன வேண்டும்?

ஆயினும் அந்த ஆரவாரம் அடங்கியபின் இரசிகர்களின் உள்ளத்தில் ஏதோ ஒரு குறை தங்கியது. மறுநாள் காலை தேநீர்க் கடைகளிலே கேட்ட பேச்சு இதற்குச் சான்று. 'வென்றோம், சரிதான். ஆனால் தோனி மட்டை பிடிக்க வரவேயில்லையே!' என்று அங்கலாய்த்தார்கள். ஆம், இலக்கு அவ்வளவு சிறியதாக இருந்ததால் தோனி களமிறங்க வேண்டிய தேவையே எழவில்லை. எவருடைய ஆட்டத்தைக் காண மக்கள் பல மணி நேரம் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார்களோ, அவரது ஆட்டத்தை அந்த வெற்றியே அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டது. இரு அணித் தலைவர்களுமே ஆடுகளத்தைப் பற்றி மனநிறைவு கொள்ளவில்லை. தாம் எண்ணியதைவிடக் களம் மிக மந்தமாக இருந்தது என்று வென்ற தலைவரான தோனியே குறைபட்டுக்கொண்டார். வென்றவரே குறைபட்டுக்கொள்ளும் வெற்றியை என்னவென்று சொல்வது?

பசித்தவர்களின் பந்தி

இரசிகர்களின் அன்றைய ஆரவாரத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அதன் பின்னால் ஒரு நீண்ட பசி இருந்தது. 2013ஆம் ஆண்டு வெளிப்பட்ட சூதாட்ட விவகாரத்தின் விளைவாக, 2015ஆம் ஆண்டு ஜூலையில், நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது. 2016, 2017 ஆகிய இரு கோடைகளிலும் மஞ்சள் சட்டைகள் பெட்டியில் உறங்கின. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னை அணி மீண்டும் தன் மண்ணில் ஆடியது. அப்போது காவிரி நீருக்கான போராட்டம் தமிழகமெங்கும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. வயல் காய்கையில் விளையாட்டு எதற்கு என்று மைதானத்துக்கு வெளியே முழக்கமிட்டார்கள். உள்ளே செருப்பு வீசப்பட்டது. அந்த ஓர் ஆட்டத்தோடு எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தும் புனே நகருக்கு மாற்றப்பட்டன. அங்கு செல்லவும் இரசிகர்கள் தனி இரயிலில் புறப்பட்டார்கள் என்றால் அவர்களின் பற்றை என்னென்பது!

அவ்வாண்டு கோப்பையைச் சென்னையே வென்றது. ஆனால் சொந்த வீட்டில் விருந்துண்ணாத குறை நீங்கவில்லை. எனவே 2019ஆம் ஆண்டின் முதல் ஆட்டம், நான்கு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்களின் பந்தி என்றே சொல்லவேண்டும். பசியோடு அமர்ந்தவர்கள் இலையில் விழுந்ததை அள்ளி உண்டார்கள். அதில் வியப்பில்லை.

இன்னொன்றையும் இங்கு நன்றியோடு குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 14ஆம் நாள் புல்வாமாவில் நடந்த தாக்குதலில் மத்திய சேமக் காவல் படை வீரர்கள் நாற்பதுபேர் உயிர்நீத்தனர். அவர்களில் இருவர் தமிழகத்தின் மைந்தர்கள். அதை முன்னிட்டு வழக்கமான ஆடம்பரத் தொடக்க விழா கைவிடப்பட்டது. முதல் ஆட்டத்தின் சீட்டு விற்பனைத் தொகையை அவ்வீரர்களின் குடும்பங்களுக்கெனச் சென்னை அணி ஒதுக்கியது. அந்த இரவில் எடுக்கப்பட்ட ஓட்டங்களை மறந்தாலும் இச்செயலை மறத்தல் ஆகாது.

ஒரே நாளில் முடிந்த ஆட்டம்

சேப்பாக்கத்துக்கு இத்தகைய வெற்றி புதியதன்று. மைதானம் தாங்கி நிற்கும் பெயரே நம் சீமைக்கு உறவுடையது. கானாடுகாத்தானில் அரண்மனை எழுப்பிய அரசர் அண்ணாமலைச் செட்டியாரின் இளைய மைந்தர் எம்.ஏ.சிதம்பரம் அவர்களின் பெயர்தான் அது. 1960களின் தொடக்கத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக விளங்கியவர் அவர்.

அந்த மண்ணில் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நடந்தது, இரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம். ஆடியவர்கள் சென்னை மாகாண அணியினரும் மைசூர் அணியினரும். முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. சென்னை 130 ஓட்டங்கள் எடுத்தது. மீண்டும் ஆடிய மைசூர் 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னையின் ஏ.ஜி.ராம்சிங் இரண்டு முறையும் சேர்த்து 35 ஓட்டங்களே கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். பல நாட்கள் நடக்கவேண்டிய ஆட்டம், பொழுது சாயுமுன்னே, ஒரே நாளில், இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் என்னும் வித்தியாசத்தில் முடிந்துவிட்டது!

சென்னையும் மைசூரும் அன்று. சென்னையும் பெங்களூரும் 2019இல். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்றே குறைந்த இடைவெளியில் அதே மண், அதே அண்டை மாநிலத்தார், அதே வகையான வெற்றி. ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. தொடக்க நாளில் எதிரியைத் துவைத்தெடுத்த சென்னை அணி, இரஞ்சிக் கோப்பையை முதன்முறையாகத் தன் கையில் ஏந்தியது எப்போது தெரியுமா? 1954-55இல், பாலு அழகண்ணன் தலைமையில். இருபது ஆண்டுகள் கழித்து! அதற்கடுத்த கோப்பை 1987-88இல், எஸ்.வாசுதேவன் தலைமையில். ஒரு நாள் வெற்றி ஒரு நாளுக்குரியதுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுமோ?

மண் செய்த உதவி

எளிய வெற்றி ஏன் நம்மை ஏமாற்றுகிறது? வெற்றிக்கான காரணங்கள் அனைத்தையும் நம் திறமையின் கணக்கிலே வரவு வைத்துக்கொள்வதால்தான்.

2019ஆம் ஆண்டு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேப்பாக்கத்தின் ஆடுகளம் சுழற்பந்துக்குப் பெயர்பெற்றது. பந்து தரையில் பட்டதும் வேகம் குன்றி, திரும்பி, மட்டைக்கு வராமல் தயங்கும். ஓங்கி அடித்து ஓட்டம் சேர்த்துப் பழகியவர்களுக்கு அம்மண் பகையாகும். இதை நன்கறிந்த சென்னை அணியினர் அனுபவம் மிக்க சுழற்பந்து வீச்சாளர்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். அன்று வீழ்ந்த பத்து விக்கெட்டுகளில் எட்டு அம்மூவருக்கே உரியவை. அதே களத்தில் சென்னை அணியும் விரைந்து ஓட்டமெடுக்க இயலவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். 71 ஓட்டங்களை எடுக்கப் பதினேழு ஓவர்களுக்கு மேல் பிடித்தன. தொடக்க ஆட்டக்காரர் ஷேன் வாட்சன் ஓட்டம் ஏதுமின்றி வெளியேறினார். ஆக, வெற்றியில் திறமைக்குப் பங்கு உண்டு. முன்னறிவுக்கும் பங்கு உண்டு. மண்ணுக்கும் பங்கு உண்டு. அன்றைய நாளுக்கும் பங்கு உண்டு.

பொங்கல் முடிந்ததும் சிராவயல் மஞ்சுவிரட்டைக் காணச் செல்பவர்கள் ஒன்றை அறிவார்கள். தொழுவிலிருந்து பாய்ந்து வரும் காளை, சூழ்ந்து நிற்கும் இளைஞர்களைச் சிதறடித்துவிட்டுப் பொட்டலைக் கடந்து சென்றால், கூட்டம் அந்தக் காளைக்கும் கைதட்டும். அத்தகைய காளையின் திமிலைப் பற்றி நின்றவனுக்குத்தான் புகழ். மிரண்டு ஒதுங்கி நிற்கும் மாட்டைத் தொட்டுவிட்டு வந்து மார்தட்டுபவனை நம் பெரியவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வென்றவனின் பெருமையை அளக்கும் படி, வெல்லப்பட்டதன் வலிமையிலேதான் இருக்கிறது. இது நம் மண்ணிலே பிறந்த நீதி. எதிரணியை எவ்வளவுக்கு எவ்வளவு இழிவாகப் பேசுகிறோமோ, அவ்வளவுக்கு அவ்வளவு நம் வெற்றியின் விலையை நாமே குறைத்துக்கொள்கிறோம்.

பருவத்தின் மறுமுனை

2019ஆம் ஆண்டின் கதை எப்படி முடிந்தது என்பதையும் பார்ப்போம். பெங்களூர் அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்று, இறுதியில் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. அப்படியானால் முதல் நாள் நாம் வீழ்த்தியது மலையை அன்று, மணல்மேட்டை என்று ஆகிறதல்லவா? சென்னை அணியோ தன் மண்ணில் ஆடிய ஏழு லீக் ஆட்டங்களில் ஆறில் வென்றது. தோற்ற ஒன்று மும்பை அணியிடம். அன்று சென்னை 109 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. மே 7ஆம் நாள் அதே சேப்பாக்கத்தில் நடந்த தகுதிச் சுற்றிலும் அதே மும்பை வென்றது. சென்னையைக் காத்துவந்த சுழற்களத்திலேயே மும்பையின் சுழற்பந்து வீச்சாளர்கள் சென்னையைக் கட்டிப்போட்டார்கள். நமக்குத் துணை நின்ற மண், நன்கு கற்றுவந்த எவருக்கும் துணை நிற்கும் என்பது அன்று விளங்கிற்று.

மே 12ஆம் நாள் ஐதராபாத்தில் இறுதி ஆட்டம். மும்பை 149 ஓட்டங்கள். சென்னை 148 ஓட்டங்கள். மலிங்கா வீசிய கடைசிப் பந்தில் விக்கெட் வீழ்ந்து, ஒரே ஓர் ஓட்டத்தில் கோப்பை கைநழுவியது. முதல் நாள் ஓட்டம் ஏதுமின்றி வெளியேறிய அதே வாட்சன்தான் இறுதி நாளில் 80 ஓட்டங்கள் குவித்து அணியைக் கரை சேர்க்கப் போராடினார். அவரது முழங்காலில் குருதி வடிந்து உடை நனைந்திருந்ததை ஆட்டம் முடிந்த பின்னரே உலகம் அறிந்தது.

இன்று ஒரு சென்னை இரசிகனை அழைத்து, 2019ஆம் ஆண்டைப் பற்றிக் கேளுங்கள். பெங்களூரை 70 ஓட்டங்களில் சுருட்டியதையா முதலில் சொல்வான்? இல்லை. வாட்சனின் முழங்காலைத்தான் சொல்வான். சொல்லும்போதே அவன் குரல் தழுதழுக்கும். எளிதாய் வென்ற நாள் வெடிச் சத்தத்தோடு போயிற்று. போராடித் தோற்ற நாளோ நெஞ்சில் நின்றது. மனித உள்ளம் எதைப் போற்றிச் சேமிக்கிறது என்பதற்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

பெருவெற்றியின் மறுபக்கத்தை நம் சீமை நன்கு அறியும். கடல் கடந்து பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், 1930களில் நெல் விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாத நிலையில், ஈடாக வந்த நிலங்களுக்கு உரியவர்கள் ஆனார்கள். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு விளைநிலம் 1938 வாக்கில் அவர்கள் பெயரில் இருந்தது. பார்வைக்கு அது பெரும் வெற்றி. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது கட்டிய துணியோடு கால்நடையாகத் திரும்பியவர்கள் பலர். பின்னர் விடுதலை பெற்ற பர்மாவில் அந்நிலங்கள் கைவிட்டுப் போயின. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் திண்ணைகள் இக்கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. விளையாட்டை இவ்வளவு பெரிய துயரத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிடவில்லை. வரவு பெருகும் நாளில் செலவுப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் நம் மண்ணுக்கு ஏன் வந்தது என்பதை நினைவூட்டுகிறோம். அவ்வளவே.

சக்கரம் சுழன்றது

ஆறாண்டுகள் கழிந்தன. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அதே பெங்களூர் அணி அதே சேப்பாக்கத்தில் சென்னையை 50 ஓட்டங்களில் தோற்கடித்தது. 2008ஆம் ஆண்டுக்குப் பின் அம்மண்ணில் அவர்கள் பெற்ற முதல் வெற்றி அது. ஏப்ரல் 11ஆம் நாள் கொல்கத்தா அணிக்கு எதிராகச் சென்னை இருபது ஓவர்களிலும் ஆடி 103 ஓட்டங்களே எடுத்தது. கொல்கத்தா 10.1 ஓவர்களில் அதை எட்டிவிட்டது. 2019இல் நாம் பெங்களூருக்குச் செய்ததை இப்போது பிறர் நமக்குச் செய்தனர். அவ்வாண்டு முடிவில், தன் வரலாற்றிலேயே முதன்முறையாகச் சென்னை அணி பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. கோப்பையை வென்றதோ பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்த பெங்களூர்!

அன்று கேலிச் செய்தி அனுப்பியவர்களின் கைப்பேசிக்கு 2025இல் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. வட்டிக் கணக்கு நம் சீமைக்குத் தெரியாததா என்ன? கேலியைக் கடனாகக் கொடுத்தவன் அதைத் திரும்பப் பெறவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே ஏற்றவர்கள் சிலர். நட்பையே முறித்துக்கொண்டவர்களும் சிலர் உண்டு என்பதை வருத்தத்தோடு கேட்டோம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று அவ்வாண்டு நேர்ந்தது. ஜூன் 3ஆம் நாள் அகமதாபாத்தில் பெங்களூர் அணி கோப்பையை வென்றது. மறுநாளே வெற்றி விழா என்று அறிவிக்கப்பட்டது. பெங்களூர் சின்னசாமி மைதானத்தின் வாயில்களில் அளவுகடந்த கூட்டம் மோதியது. நெரிசலில் பதினொருவர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். எத்தனை கோடி ஓட்டங்களை எடுத்தாலும் அவர்களில் ஒருவரையும் மீட்க இயலுமா? காலையில் சிவப்புச் சட்டை அணிந்து மகிழ்ச்சியோடு வீட்டைவிட்டுச் சென்ற பிள்ளையின் வருகைக்காக மாலையில் வாயிற்படியில் நின்ற அன்னையை எண்ணிப்பாருங்கள். வெற்றியைத் தாங்குவதற்கும் ஒழுங்கு வேண்டும், ஏற்பாடு வேண்டும், பொறுமை வேண்டும். அவை இல்லாதபோது ஆரவாரமே எமனாகிறது.

உறுதி என்னும் மயக்கம்

இல்லத் தலைவர்கள் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஒருதலையான வெற்றி, காண்பவன் உள்ளத்தில் ஒரு பொய்யான உறுதியை விதைக்கிறது. 'இந்த அணி தோற்காது' என்று தோன்றிவிட்டால், அடுத்த எண்ணம், 'அப்படியானால் பணம் கட்டினால் என்ன?' என்பதாகவே இருக்கும். முன்பு இத்தகைய சூது இருட்டறைகளில் நடந்தது. பின்னர் கைப்பேசியின் வழியாகப் படுக்கையறைக்கே வந்துவிட்டது. திறமை ஆட்டம் என்னும் பெயரில் சம்பளத்தையும் சேமிப்பையும் இழந்து, கடனில் மூழ்கிய இளைஞர்களை எவ்வூரிலும் காண்கிறோம். தமிழகச் சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்துக்குத் தடைவிதித்துச் சட்டம் இயற்றியது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. சட்டம் வேலி போடும். ஆனால் வேலிக்குள்ளே பயிரைக் காக்கவேண்டியது குடும்பமே. மார்ச் மாதத்தில் எழுபது ஓட்டங்களில் எதிரியைச் சுருட்டிய அணி, மே மாதத்தில் ஒரே ஓட்டத்தில் கோப்பையை இழந்தது என்னும் இந்த ஒரு கதையை வீட்டிலே எடுத்துச் சொன்னால், எந்தப் பந்தயமும் உறுதியானதன்று என்பது எளிதில் விளங்கும்.

சேப்பாக்கம் கற்பித்த பாடம்

வெற்றி தோல்விகளை எப்படி ஏற்பது என்பதற்குச் சேப்பாக்கத்து மக்களே ஒருமுறை உலகுக்கு ஆசானாக விளங்கினார்கள். 1999ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம். வெற்றி இலக்கு 271. முதுகுவலியோடு ஆடிய சச்சின் தெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்து வெளியேறியபோது வெற்றி கைக்கெட்டும் தொலைவிலே இருந்தது. ஆனால் எஞ்சியவர்கள் சரிந்தனர். இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. மைதானம் ஒரு கணம் உறைந்துபோயிற்று. பின்பு மக்கள் எழுந்து நின்றார்கள். வாசிம் அக்ரமின் தலைமையில் பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றிவர, கூடியிருந்தோர் அனைவரும் கைதட்டி அவர்களை வாழ்த்தினார்கள். அன்று தோற்றவர்கள் சென்னை மக்கள் என்று எவரும் கூற இயலாது.

கண்ணீரோடு எதிரியைப் பாராட்டத் தெரிந்த அந்த மக்களுக்கு, மகிழ்ச்சியோடு எதிரியை மதிப்பது அரிதாகிவிடுமா? உண்மையைச் சொல்வதானால், பின்னதே அரிது. தோல்வி நம்மைத் தானாகவே பணியவைக்கிறது. வெற்றியில் நாமாகப் பணியவேண்டியிருக்கிறது.

பெற்றோர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். உங்கள் பிள்ளை பள்ளிப் போட்டியில் பெருவெற்றி பெற்று வருவானாயின், முதலில் அவனோடு சேர்ந்து மகிழுங்கள். மகிழ்ச்சியில் தண்ணீர் ஊற்றும் பெற்றோர் பிள்ளைக்குப் பகைவர் ஆவர். பின்னர், உணவு பரிமாறும்போது மெல்லக் கேளுங்கள்: 'எதிரணியில் நன்றாக ஆடியவர் யார்?' அவனுக்கு விடை தெரியவில்லையென்றால், ஆட்டத்தில் பாதியை அவன் காணவில்லை என்று பொருள். 'தோற்றவர்களோடு கைகுலுக்கினாயா?' என்றும் கேளுங்கள். 'உனக்குப் பந்து எடுத்துப் போட்ட சிறுவன் யார்?' என்றும் கேளுங்கள். பெங்களூர் அணி அன்று எடுத்த எழுபதில் 29 ஓட்டங்களைத் தனியொருவராக எடுத்து, இறுதி விக்கெட்டாக வெளியேறும்வரை நின்ற பார்த்திவ் படேலை நினைவில் வைத்திருக்கும் சென்னை இரசிகனே உண்மையான இரசிகன்.

மகளிர் கிரிக்கெட்டுக்கும் இதே சொல் பொருந்தும். இப்போது நம் ஊர்களில் பெண்பிள்ளைகளும் மட்டையோடு கண்மாய்க்குள் இறங்குகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. அவர்களும் வெல்வார்கள், தோற்பார்கள். அண்ணனுக்குக் கேட்கும் கேள்விகளைத் தங்கையிடமும் கேளுங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் சேப்பாக்கத்தில் ஒரு முதல் ஆட்டம் உண்டு. மஞ்சள் சட்டைகள் மீண்டும் பெட்டியிலிருந்து வெளிவரும். சீழ்க்கை ஒலி எழும். வெல்லட்டும் நம் அணி. பெருவெற்றியே பெறட்டும். அன்றிரவு கைப்பேசியை எடுத்துப் பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் உறவினருக்குச் செய்தி அனுப்ப விரல் துடித்தால், கேலியை ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டு, வீட்டில் அனைவரும் நலமா என்று இரண்டாவது வரியில் கேட்டு எழுதுவோம். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் வென்றால், அவர்களும் அப்படியே எழுதுவார்கள்.